மெக்காலேக்கு முன்னும் பின்னும்: ஆங்கிலக் கல்வி நமக்கு வந்த வழி

“1835-ல் மெக்காலே நம்முடைய குருகுலங்களை ஒழித்துவிட்டு ஆங்கிலப் படிப்பைத் திணித்தார் என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஆங்கிலேயர் வந்திராவிட்டால் நமக்கு எழுத்து வாசனையே இருந்திருக்காது என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. எது உண்மை?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் அப்படியே ஏற்க முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் சட்ட உறுப்பினராக இருந்த மெக்காலே கல்வி பற்றிய தம் குறிப்பை எழுதிய நாளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆங்கிலப் பள்ளி தொடங்கி ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. ஆங்கிலப் படிப்பு வேண்டும் என்று கேட்டவர்களில் இந்தியர்களே முன்வரிசையில் நின்றார்கள். கம்பெனி அதற்குக் கொடுத்த பணம் மிகக் குறைவு. கொடுத்ததையும் மேல்தட்டுக்கே கொடுத்தது. கிராமத்துத் திண்ணைப் பள்ளியை யாரும் இடித்துத் தள்ளவில்லை. ஆதரிக்க ஆளில்லாமல் அது மெலிந்தது. அந்தத் திண்ணையிலேயே இடம் கிடைக்காதவர்கள் புதிய பள்ளிக்குள் நுழையவும் இன்னொரு நூற்றாண்டு போராட வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், இந்த வரலாற்றை ஒரு மனிதனின் சதியாகவோ ஒரு பேரரசின் கருணையாகவோ படிப்பதைவிட, யார் கேட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள், யாரை உள்ளே விட்டார்கள் என்று பார்த்தால்தான் விளங்கும்.

முதலில் ஒரு போலியை ஒதுக்கிவிடுவோம். “இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் போனேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இவர்களை அடக்க வேண்டுமானால் இவர்களுடைய பழைய கல்வியை மாற்ற வேண்டும்” என்று 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மெக்காலே பேசியதாக ஒரு வாசகம் வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. அன்று அவர் லண்டனில் இல்லை, கல்கத்தாவில் இருந்தார். அந்தத் தேதியில் அவர் எழுதியது கல்வி பற்றிய குறிப்பு. அந்த வாசகம் அதில் இல்லை. இருப்பதே போதுமான அளவுக்கு மோசம்: ஒரு நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரித் தட்டு, இந்திய, அரபு இலக்கியம் அத்தனைக்கும் ஈடாகும் என்று எழுதினார். அந்த இலக்கியங்களின் மொழி எதுவும் தனக்குத் தெரியாது என்பதையும் அதே குறிப்பில் ஒப்புக்கொண்டார். படிக்காத நூல்களை எடைபோட்ட அந்தத் துணிச்சலைக் கண்டிக்கப் போலி மேற்கோள் எதுவும் நமக்குத் தேவையில்லை.

சரி, அதற்கு முன் இங்கே என்ன இருந்தது? சென்னை மாகாணத்துக்கு இதற்கு நல்ல ஆதாரம் உண்டு. கவர்னர் தாமஸ் மன்றோ 1822 ஜூனில் எல்லா கலெக்டர்களுக்கும் உத்தரவு அனுப்பினார்: உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை, எந்தச் சாதி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எழுதி அனுப்புங்கள். அறிக்கைகள் வந்து சேர ஆண்டுகள் ஆயின. 1826 மார்ச் 10 அன்று மன்றோ அவற்றைத் தொகுத்து எழுதினார். மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941, பள்ளிகள் 12,498, படிப்பவர்கள் 1,88,650. பள்ளி வயது ஆண்பிள்ளைகளில் நாலில் ஒருவருக்குச் சற்று மேல் பள்ளியில் இருக்கிறார்கள், வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்று கணக்கிட்டார். அக்கால ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அண்மைக் காலம்வரை இருந்த நிலையைவிட இது மேல் என்றும் அவரே எழுதினார்.

அதே அட்டவணையில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். பொதுப் பள்ளிக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் ஆடல் மகளிர் வகுப்பைச் சேர்ந்தவர்கள். சாதிக் கணக்கில் ஒரு வியப்பு உண்டு: தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பெரும்பகுதியினர் பிராமணர்கள் அல்ல, ‘சூத்திரர்’ என்ற தலைப்பின்கீழ் எழுதப்பட்டவர்கள். வரலாற்று ஆய்வாளர் தரம்பால் 1983-ல் இந்த ஆவணங்களை நூலாக வெளியிட்டபோது பலர் அதிர்ந்தது இதனால்தான். அந்தத் தலைப்புக்குள் நிலமும் வணிகமும் கையில் வைத்திருந்த சாதிகளும் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. சேரியில் இருந்த பிள்ளைக்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாத இடமாகவே இருந்தது.

திண்ணைப் பள்ளியில் நடந்தது இதுதான். விடியும்போதே பிள்ளைகள் வந்துவிடுவார்கள். சின்னவர்கள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் ‘அ’ எழுதி, உரக்கச் சொல்லி, அழித்து, மறுபடி எழுதுவார்கள். கை திருந்தியதும் பனையோலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, பிறகு நிகண்டு, சதகம். எண்சுவடியில் பெருக்கல் வாய்ப்பாடு மட்டுமல்ல, முந்திரி, மாகாணி, வீசம் வரைக்கும் பின்னக் கணக்கும் மனப்பாடமாக வேண்டும். வாத்தியார் ஒருவரே, ஆகவே தேறிய பையனைச் சட்டாம்பிள்ளையாக வைப்பார், அவன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். வாத்தியாருடைய வருமானம் பிள்ளைக்கு மாதம் நாலணா முதல் எட்டணா. மொத்தமாக மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறாது, இந்தப் பணத்துக்குத் தகுதியான ஆள் எப்படி வருவான் என்று மன்றோ கவலைப்பட்டார்.

இந்த மணலெழுத்துக்கும் சட்டாம்பிள்ளைக்கும் ஒரு கடல்கடந்த கதை உண்டு. 1789-ல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைக் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளியைக் கவனிக்க ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. மூத்த மாணவன் ஒருவனை வைத்துச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அது பலித்தது. 1797-ல் லண்டனில் இதைப் பற்றி நூல் எழுதினார். 1811-ல் தொடங்கிய இங்கிலாந்துத் திருச்சபையின் தேசியக் கல்விச் சங்கம் இதையே தன் ஏழைப் பள்ளிகளில் பின்பற்றியது. அங்கே அதற்குப் பெயரே ‘மெட்ராஸ் முறை’. நம் திண்ணை முறை இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கே திண்ணை தேய்ந்துகொண்டிருந்தது.

ஏன் தேய்ந்தது என்பதற்கு பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823-ல் எழுதிய அறிக்கையே சாட்சி. அவருடைய மாவட்டத்தில் 533 பள்ளிகள், 6,641 பிள்ளைகள். நாட்டில் வறுமை பரவிவிட்டது, ஐரோப்பியத் துணி வந்து நெசவுத் தொழிலாளர்களின் பிழைப்பைப் பறித்துவிட்டது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் குடும்பத்துக்கு வக்கில்லை, முன்பு அரசர்கள் கல்விக்குக் கொடுத்த ஆதரவும் இப்போது இல்லை என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரியே தன் அரசுக்கு எழுதினார். மன்றோ ஒரு மாற்று யோசித்தார்: ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு பெரிய பள்ளி, தாலுகாவுக்கு ஒரு தாசில்தாரி பள்ளி, வாத்தியாருக்கு முறையே 15 ரூபாயும் 9 ரூபாயும் அரசே கொடுப்பது. செலவு ஆண்டுக்கு அரை லட்சம் ரூபாய்க்குள். அடுத்த ஆண்டே, 1827-ல், மன்றோ காலராவில் இறந்தார். பள்ளிகள் அரைகுறையாக நடந்து, 1836-ல் கைவிடப்பட்டன. இந்த வரலாற்றில் என்னை அதிகம் வருத்தும் இடம் இது. தாய்மொழியில், கீழிருந்து, சொற்பச் செலவில் ஒரு வழி திறந்திருந்தது, அதை மூடிவிட்டார்கள்.

ஆங்கிலப் படிப்பு அதற்கு முன்பே வேறு வாசலில் நுழைந்திருந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு பாதிரியார் தொடங்கிய பள்ளிகள் பெரும்பாலும் தமிழ்வழிப் பள்ளிகளே, நோக்கம் மதம். துறைமுகத்தில் ஆங்கிலம் கற்றவர்கள் துபாஷிகள். வியாபாரிக்கும் கம்பெனிக்கும் நடுவே நின்று பெரும் பணம் பார்த்தவர்கள் அவர்கள். பள்ளியில் போய்ப் படித்தவர்கள் இல்லை. 1780களின் நடுவில்தான் சுவார்ட்ஸ் பாதிரியாரும் தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த ஜான் சல்லிவனும் சேர்ந்து தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று ஊர்களில் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார்கள். உள்ளூர் அரசர்கள் உதவினார்கள். 1787-ல் கம்பெனி ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 பகோடா (அக்காலப் பொன் நாணயம்) தர ஒப்புக்கொண்டது. சேர்ந்தவர்களில் பலர் பிராமண, வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள். மதத்துக்காக அவர்கள் வரவில்லை. கணக்கு உத்தியோகத்துக்காக வந்தார்கள், கிடைக்கவும் செய்தது. சுவார்ட்ஸிடம் வளர்ந்த தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, ஐரோப்பிய அறிவியலையும் நம் சாஸ்திரங்களையும் ஒரே அரண்மனைக்குள் வைத்துப் படித்தவர். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு வரவே இல்லை. அந்த நெருக்கடி கல்கத்தாவில் உருவானது.

1813-ன் சாசனச் சட்டத்தில், இந்தியர்களின் கல்விக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்று ஒரு பிரிவு வந்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் ஒரு லட்சம்! அதுவும் பத்தாண்டு ஒழுங்காகச் செலவழியவில்லை. அதற்குள் கல்கத்தாக் கனவான்கள் தங்கள் கைப்பணத்தில் 1817-ல் இந்துக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார்கள். அரசு சமஸ்கிருதக் கல்லூரி அமைக்கப்போகிறது என்று தெரிந்ததும், 1823 டிசம்பரில் ராம்மோகன் ராய் கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்டுக்குக் கடிதம் எழுதினார்: எங்களுக்கு இலக்கணச் சிக்கல்கள் வேண்டாம், கணிதமும் வேதியியலும் உடற்கூறும் கற்பியுங்கள். அவர் சமஸ்கிருதமும் பாரசீகமும் அரபியும் ஆழமாகக் கற்றவர், தெரியாமல் பேசவில்லை.

மெக்காலே வந்து சேர்ந்தது இந்தச் சண்டை முற்றிய நேரத்தில். 1834 ஜூனில் சென்னையில்தான் இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு உதகமண்டலத்தில் இருந்ததால், ஆட்கள் தோளில் சுமந்த பல்லக்கில் மலையேறிப் போய்ப் பார்த்தார். அடுத்த பிப்ரவரியில் கல்கத்தாவில் குறிப்பு எழுதினார். மார்ச் 7 அன்று பெண்டிங்க் தீர்மானத்தில் கையெழுத்திட்டார்: கல்விப் பணம் இனி ஆங்கிலக் கல்விக்கே. குறிப்பில் இகழ்ச்சியைத் தாண்டி ஒரு வாதமும் உண்டு. சமஸ்கிருதமும் அரபியும் படிக்க நாம் மாணவர்களுக்கு உதவித்தொகை தர வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் படிக்க அவர்களே பணம் தருகிறார்கள் என்றார். அவர்களுக்கு அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. உத்தியோகத்தின் சாவி எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழிக்கு மாணவர் வருவார்கள். 1837-ல் பாரசீகம் அரசு அலுவல் மொழி என்ற இடத்தை இழந்தது. 1844-ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கே அரசு வேலையில் முன்னுரிமை என்று அறிவித்தார். என் கணிப்பில் மெக்காலேயின் குறிப்பைவிட இந்த இரண்டு முடிவுகளே குடும்பங்களின் போக்கை மாற்றின.

சென்னையில் கேட்டது யார் என்பதற்குச் சான்று 1839-ல் இருக்கிறது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் தலைமையில், சுமார் 70,000 இந்தியர்கள் கையெழுத்திட்ட மனு ஒன்று கவர்னர் எல்ஃபின்ஸ்டனிடம் போனது. எங்களுக்கு உயர்கல்வி நிலையம் வேண்டும் என்பது கோரிக்கை. அதன் பலனாக 1841-ல் ஈ. பி. பவல் தலைமையில் ஒரு உயர்நிலைப் பள்ளி திறந்தது. மாநிலக் கல்லூரியின் வேர் இதுதான். அடுத்த ஆண்டே இந்தியர் பணத்தில் இன்னொன்று. பச்சையப்ப முதலியார் துபாஷியாகச் சம்பாதித்துக் கோவில்களுக்கும் தருமத்துக்கும் எழுதி வைத்துவிட்டு 1794-ல் இறந்தார். சொத்து பல்லாண்டு வழக்கில் கிடந்தது. கடைசியில் சேர்ந்துவிட்ட உபரிப் பணத்தைக் கல்விக்குச் செலவிடலாம் என்று முடிவாகி, 1842-ல் பச்சையப்பன் பள்ளி தொடங்கியது.

தங்களுக்கென்று தனிப் பள்ளி வேண்டும் என்று அப்போது சென்னை இந்துக்கள் துடித்ததற்குக் காரணம் இருந்தது. 1837-ல் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளி (பின்னாளில் இதுவே கிறித்தவக் கல்லூரி ஆனது) நன்றாகக் கற்பித்தது, மதமாற்றமும் நடந்தது. ஒவ்வொரு மதமாற்றத்தின்போதும் பிள்ளைகள் கூட்டமாக நின்றுவிடுவார்கள். 1846-ல் கவர்னர் ட்வீடேல் அரசுப் பள்ளியிலேயே பைபிளைப் பாடமாக்கலாம் என்று எழுதினார். சென்னை வணிகர் காஜுலு லட்சுமிநரசு செட்டி போன்றவர்கள் கூட்டம் கூட்டி எதிர்த்தார்கள். லண்டன் அதை நிராகரித்தது. ஆங்கிலம் வேண்டும், ஆனால் எங்கள் நிபந்தனையின்படி வேண்டும் என்பதே அவர்கள் நிலை. இதைத் திணிப்பு என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியாது.

அந்த நிபந்தனைகளில் சாதியும் ஒன்று. ஆண்டர்சன் பள்ளி தொடங்கிய ஓரிரு ஆண்டிலேயே தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் சிலர் சேர்ந்தது தெரிந்து, மற்றவர்கள் அவர்களை நீக்கு, இல்லையேல் வேறு பெஞ்சில் உட்கார வை என்றார்கள். ஆண்டர்சன் மறுத்தார். பல மாணவர்கள் வெளியேறினார்கள். பச்சையப்பன் நிறுவனத்தின் கதவும் தாழ்த்தப்பட்டோருக்கு நெடுங்காலம் திறக்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்தால் நெஞ்சு கனக்கும். கோயம்புத்தூரில் அவர் படித்த இடத்தில் சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேர் நீங்கலாக மற்ற எல்லோரும் பிராமணர்கள். யாரிடமாவது நட்பானால் தன் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துபோகும் என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்காவது தனியாக நின்று படித்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். சட்டப்படி அவருக்கு இடம் உண்டு. அந்த இடத்தில் உட்கார என்ன விலை கொடுத்தார் என்பதை எந்த ஆண்டறிக்கையும் சொல்லாது.

1854-ல், கம்பெனியை மேற்பார்த்த லண்டன் வாரியத்தின் தலைவர் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது. காகிதத்தில் அது மெக்காலேயைவிட நல்லது: பெருந்திரளான மக்களுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி, மேலே ஆங்கிலம், தனியார் பள்ளிகளுக்கு மானியம், மாகாணத்துக்கு ஒரு கல்வித் துறை, மூன்று பல்கலைக்கழகங்கள். ஆங்கிலேயர் ஆட்சி முழுக்கவும் தொடக்கப் பள்ளி பெரும்பாலும் தமிழ்வழியிலேயே நடந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. உயர்நிலைப் பள்ளியில்தான் ஆங்கிலம் பயிற்றுமொழி. நடைமுறையில் பணம் மேலேயே நின்றது. 1860களில் திண்ணைப் பள்ளிகளுக்கும் மானியம் நீட்டினார்கள். இன்ஸ்பெக்டர் வந்து சோதிக்கும்போது தேறும் பிள்ளைக்கு இவ்வளவு என்று தொகை. வாத்தியார் எண்சுவடியை ஓரம் கட்டிவிட்டு அச்சுப் புத்தகத்துக்கும் இன்ஸ்பெக்டர் கேள்விக்கும் மாறினார். திண்ணைப் பாடத்தை உண்மையில் மாற்றியது மெக்காலே இல்லை, இந்த மானிய விதிதான்.

1857 செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். அமெரிக்க மிஷன் 1823-ல் நிறுவிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்து வந்தவர்கள். மெக்காலே விரும்பியது நிறத்தில் இந்தியராகவும் ரசனையில் ஆங்கிலேயராகவும் இருக்கும் ஒரு வகுப்பை. அந்தக் கல்வி முதலில் தந்த பட்டதாரியான தாமோதரம்பிள்ளையோ, செல்லரித்த ஏடுகளைத் தேடித் தேடித் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். 1880-ல் கும்பகோணத்தில் உ. வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டு, அவர் வாழ்க்கையைத் திசைதிருப்பிய சேலம் இராமசுவாமி முதலியாரும் ஆங்கிலம் படித்து முன்சீப் ஆனவரே. சங்க இலக்கியம் அச்சுக்கு வந்த கதையில் பாதி, இப்படி ஆங்கிலக் கல்லூரி வழியாகத்தான் போகிறது. திட்டம் போட்டவர்கள் நினைத்தது ஒன்று, படித்தவர்கள் செய்தது வேறு. 1852-ல் சென்னை சுதேசி சங்கம் தொடங்கியவர்களும், 1885-ல் பம்பாயில் காங்கிரஸின் முதல் கூட்டத்துக்குப் போனவர்களும் இதே வகுப்புதான்.

ஆனால் அந்த வகுப்பு மிகச் சிறியது. 1882-ல், கல்வி நிலையை ஆராய்ந்த ஹண்டர் கமிஷனுக்கு மராட்டியச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே எழுதிக் கொடுத்தார்: அரசின் வருவாயில் பெரும்பகுதி உழுகிற விவசாயி வியர்வையில் வருகிறது, அந்தப் பணத்தில் படிப்பதோ மேல்சாதிப் பிள்ளைகள். தாழ்த்தப்பட்டோர் கல்விக்கெனச் சென்னை அரசு தனி ஆணை போட்டது 1893-ல்தான். பிரம்மஞான சபையின் ஆல்காட் அடையாறு பக்கம் இலவசப் பள்ளி தொடங்கியது 1894-ல். பெண்களுக்கு இன்னும் தாமதம். 1904-ல் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி சேர வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. தொண்டைமான் மன்னர் தலையிட்டு அனுமதித்தார். 1912-ல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியே வந்தார்.

அதே 1912 மார்ச்சில் காங்கிரஸ் தலைவர் கோகலேயின் தொடக்கக் கல்வி மசோதா இந்தியாவின் மத்திய சட்டசபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆறு முதல் பத்து வயது ஆண்பிள்ளைகளுக்கு, அதுவும் உள்ளாட்சி விரும்பும் பகுதிகளில் மட்டும், படிப்பைக் கட்டாயமாக்கலாம் என்பதுதான் அதில் இருந்தது. ஆதரவு 13, எதிர்ப்பு 38. அரசு உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். அவர்களோடு சேர்ந்து நிலப்பிரபுக்கள் தரப்பிலும் எதிர்த்து வாக்களித்தவர்கள் உண்டு. பணமில்லை என்றது அரசு. பண்ணையாள் பிள்ளை பள்ளிக்குப் போனால் வயலுக்கு யார் வருவார் என்ற கவலை மற்றவர்களுக்கு. 1920-ல் சென்னையில் ஒரு தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது, அதிலும் கட்டாயம் சில பகுதிகளோடு நின்றது. 1951 கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 18.33 சதவீதம். ஆங்கிலேயர் கொடுத்த கல்வியைப் புகழ்பவர்களும், அழித்த கல்விக்காக அழுபவர்களும் அந்த 13–38 வாக்குப் பட்டியலை ஒருமுறை எடுத்து, எந்தப் பெயர் எந்தப் பக்கம் நின்றது என்று பார்க்க வேண்டும்.